வால்டன் தெருக் கல்லறைத் தோட்டம்

நுழையும்முன்

இறந்தோர்க்குக் கல் நட்டு, அதில் பெயர் பொறித்து வைப்பது தமிழரின் தொன்மையான வழக்கம். அவ்வழக்கம் உலகின் பல இனத்தாரிடமும் உண்டு. இங்கிலாந்து நாட்டின் ஆக்ஸ்போர்டு நகரில், விக்டோரியா அரசியார் காலத்தில் அமைந்த ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தமிழரோடு தொடர்புடைய கல் ஒன்று அங்கு நிற்கிறது. அந்தக் கல்லைப் பற்றித் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. அத்தோட்டத்தின் வரலாற்றையும், கல்லில் உள்ளதற்கும் நாம் கேட்டதற்கும் இடையே உள்ள வேறுபாட்டையும் ஆராய்கிறது இப்பாடம்.

இடமில்லாமற் போன முற்றங்கள்

ஐரோப்பியக் கிறித்தவ நாடுகளில் ஊருக்கு நடுவே ஆலயமும், ஆலயத்தைச் சுற்றிய முற்றத்தில் இடுகாடும் அமைந்திருந்தன. ஒரு பங்கில் பிறந்தவர் அதே பங்கின் ஆலயத்தில் பெயர் பெற்று, மணம் முடித்து, இறுதியில் அம்முற்றத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். சிற்றூர்களாக இருந்தவரை இம்முறையில் குறை தோன்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்கள் பெருகின. தொழிற்சாலைகளை நாடி மக்கள் வந்து குவிந்தனர். முற்றத்தின் பரப்பு மட்டும் பழைய அளவிலேயே நின்றது.

அதன் விளைவு கொடியது. ஒரு குழியின்மேல் மற்றொரு குழி தோண்டப்பட்டது. முன்பு புதைத்த எலும்புகள் மேலே வந்தன. அடுக்கடுக்காகப் புதைத்ததால் சில ஆலயங்களில் முற்றத்தின் மண்மட்டம் தெருவைவிட உயர்ந்துவிட்டது. அருகிலிருந்த கிணறுகளில் தண்ணீர் எடுத்துக் குடித்தவர்கள் ஏழை எளியவர்கள். இந்த நிலையில்தான் காலரா வந்தது. நம் முன்னோர் வாந்திபேதி என்று அஞ்சிய அதே நோய் அது. 1817 ஆம் ஆண்டு வங்காளத்தில் பெருகத் தொடங்கிக் கப்பல் வழியாகவும் தரை வழியாகவும் பரவி, 1831 இல் இங்கிலாந்தை அடைந்தது. ஆக்ஸ்போர்டு நகரில் 1832, 1849, 1854 ஆகிய ஆண்டுகளில் உயிர்களைப் பறித்தது.

அழுகும் உடல்களிலிருந்து எழும் கெட்ட காற்றே நோய்க்குக் காரணம் என்று அக்கால மருத்துவர் பலர் நம்பினர். காலரா நீரின் வழியே பரவுவது என்பதை ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் 1854 இல் இலண்டனில் ஒரு தெருக்குழாயை ஆராய்ந்து விளக்கினார். அதை மருத்துவ உலகம் முழுமையாக ஏற்கப் பின்னும் சில ஆண்டுகள் ஆயின. காரணத்தைத் தவறாகக் கண்டவர்கள் எடுத்த முடிவு சரியானதாக அமைந்தது என்பது இவ்வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. இடுகாடுகள் ஊரின் விளிம்புக்குச் செல்ல வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தனர்.

பிரான்சு நாட்டின் பாரிசு நகரில் 1804 இலேயே பெர் லாஷேஸ் என்னும் பெரிய கல்லறைத் தோட்டம் திறக்கப்பட்டிருந்தது. இலண்டனில் 1833 இல் கென்சல் கிரீன், 1839 இல் ஹைகேட் ஆகியவை தொடங்கின. மரங்கள் நட்டு, நடைபாதைகள் அமைத்து, பூங்காவைப் போலவே அவற்றை உருவாக்கினர். இடுகாடு என்னும் அச்சந்தரும் சொல் மறைந்து, கல்லறைத் தோட்டம் என்னும் எண்ணம் பிறந்தது அக்காலத்தில்தான்.

ஆக்ஸ்போர்டு நகரத்தார் 1840களின் இறுதியில் மூன்று புதிய கல்லறைத் தோட்டங்களை அமைத்தனர். ஹோலிவெல், ஆஸ்னி ஆகியவை இரண்டு. மூன்றாவது, வடமேற்கே வால்டன் தெருவை ஒட்டி, அதுவரை பண்ணை நிலமாக இருந்த இடத்தில் 1848 இல் அமைந்தது. அதற்குப் புனித செபல்கர் கல்லறைத் தோட்டம் என்று பெயர். அப்பெயரில் புனிதர் எவரும் இலர். செபல்கர் என்பதற்குக் கல்லறை என்பதே பொருள். எருசலேமில் உள்ள இயேசுவின் திருக்கல்லறையை நினைவூட்டும் பெயர் அது. நகரின் நான்கு பங்குகள் அதைப் பகிர்ந்துகொண்டன. ஏழாண்டுகளுக்குப் பின், 1855 இல், நகரின் பழைய ஆலய முற்றங்களில் புதிதாகக் குழி தோண்டுவது தடை செய்யப்பட்டது. முன்பே கட்டப்பட்டிருந்த குடும்ப நிலவறைகளுக்கு மட்டும் விலக்கு இருந்தது.

அச்சகத்தாரும் அறிஞரும்

வால்டன் தெருவின் மேற்கே உள்ள பகுதிக்கு ஜெரிகோ என்று பெயர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் அச்சகம் 1830 இல் இத்தெருவுக்கு இடம்பெயர்ந்தது. அச்சகத்தைச் சுற்றி எழுந்த சிறுசிறு வீடுகளில் அச்சுக் கோப்போர், நூல் கட்டுவோர், பொறி இயக்குவோர் ஆகியோர் குடியேறினர். கல்லறைத் தோட்டத்தின் சுவரை ஒட்டியே ஓர் இரும்பு வார்ப்பாலை இயங்கியது. அச்சகமும் ஆலைகளும் நெருங்கிய சிவகாசியின் தெருக்களில் வளர்ந்த ஒரு மாணவர்க்கு அன்றைய ஜெரிகோவைக் கற்பனை செய்து பார்ப்பது அரிதன்று. மையின் மணமும், ஆலைச் சங்கின் ஒலியும், தொழில் முடித்துத் திரும்புவோர் கூட்டமும் இரண்டிற்கும் பொது.

இத்தோட்டத்தின் தனித்தன்மை இங்கேதான் தோன்றுகிறது. ஆக்ஸ்போர்டு என்றதும் கல்லூரிகளும் கறுப்பங்கி அணிந்த பேராசிரியர்களுமே நினைவுக்கு வருவர். ஆனால் செபல்கர் தோட்டத்தில் கல்லூரித் தலைவரும், அவருக்கு உணவு சமைத்தவரும், அவர் நூலை அச்சிட்டவரும் ஒரே மண்ணில் கிடக்கின்றனர். கைக்குழந்தைகள் எண்ணற்றோர். கல் நடும் வசதியற்றோர் பலர். அவர்களின் பெயர்கள் அடக்கப் பதிவேட்டில் மட்டுமே வாழ்கின்றன. கல்லின் உயரத்தைக் கொண்டு அத்தோட்டத்தின் மக்களைக் கணக்கிட்டால் கணக்குப் பிழைபடும்.

அறியப்பட்டோர் சிலரைக் கூறலாம். தாமஸ் கோம் என்பவர் பல்கலைக்கழக அச்சகத்தைப் பல்லாண்டு நடத்தியவர்; ஓவியர்களைப் புரந்தவர்; 1872 இல் இறந்தார். ஹென்றி ஸ்மித் கணித அறிஞர். எண்ணியலில் பெரும்பணி ஆற்றி 1883 இல் மறைந்தார். ஃபெலிசியா ஸ்கீன் என்னும் பெண்மணி 1854 ஆம் ஆண்டுக் காலராவின்போது ஆக்ஸ்போர்டில் செவிலியர் குழுவை ஒருங்கிணைத்தவர்; அவர் பயிற்றுவித்தவர்களுள் சிலர் கிரிமியப் போர்க்களத்தில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரோடு பணியாற்றச் சென்றனர். பின்னாளில் சிறைக் கைதிகளின் நலனுக்காக உழைத்தார். எந்த நோயின் அச்சத்தால் அத்தோட்டம் உருவானதோ அந்த நோயை எதிர்த்து நின்ற அவர் 1899 இல் மறைந்தார்.

பேலியல் கல்லூரியின் தலைவர் பெஞ்சமின் ஜோவெட் 1893 இல் மறைந்தபோது அவரையும் இங்கேயே புதைத்தனர். கிரேக்கத் தத்துவ அறிஞர் பிளேட்டோவின் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த பெருமகன் அவர். தமிழ் இலக்கிய வரலாற்றிலும் அவருக்கு ஒரு சிறு பங்கு உண்டு.

ஒரு கல்லறைக்கு உரியவர்

1820 ஏப்ரல் 24 ஆம் நாள், இன்றைய கனடா நாட்டின் பிரின்ஸ் எட்வர்டு தீவில் பிறந்தவர் ஜார்ஜ் யூக்ளோ போப். குழந்தைப் பருவத்திலேயே பெற்றோருடன் இங்கிலாந்து வந்தார். சமயப் பணியாளராகத் தமிழகம் புறப்படுமுன்பே, 1837 இல், தம் முதல் தமிழ்ப் பாடத்தைக் கற்றார். 1839 இல் சென்னை வந்து சேர்ந்தார். திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம், பின்பு பெங்களூரு என அவர் வாழ்வு ஆசிரியப் பணியிலேயே கழிந்தது. தமிழ் கற்போர்க்கு இலக்கண நூல்களை எழுதினார். கண்டிப்பு மிகுந்த ஆசிரியர் என்று மாணவர் அஞ்சினர் என்பதும் அவரைப் பற்றிய பழைய செய்திகளுள் ஒன்று.

1880களின் தொடக்கத்தில் இங்கிலாந்து திரும்பினார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் விரிவுரையாளராக அமர்ந்தார். இந்தியாவுக்கு ஆட்சிப் பணிக்காகப் புறப்படவிருந்த இளைஞர்கள் அவரிடம் தமிழ் பயின்றனர். பேலியல் கல்லூரியின் வழிபாட்டுக் குருவாகவும் பணியாற்றினார். அறுபது வயதைக் கடந்த ஒருவர் ஓய்வு கொள்ளும் காலம் அது. போப்பின் பெரும்பணிகளோ அதன் பின்னரே வெளிவந்தன. 1886 இல் திருக்குறள், 1893 இல் நாலடியார், 1900 இல் திருவாசகம் ஆகியவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்புகள் அவை. நாலடியாரும் திருவாசகமும் தமிழ் மூலத்துடன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் கிளாரண்டன் அச்சகத்தில் அச்சாயின. அவ்வச்சகம் இருப்பது அதே வால்டன் தெருவில். அத்தெருவின் ஒரு பகுதியில் மாணிக்கவாசகரின் பாடல்கள் தமிழ் எழுத்தில் மை ஏறின. எட்டாண்டுகளுக்குப் பின், சிறிது நடந்து சென்றாலே அடையத்தக்க மற்றொரு பகுதியில், அவற்றைப் பெயர்த்தவர் அடக்கம் செய்யப்பட்டார்.

திருவாசக மொழிபெயர்ப்பின் முன்னுரையில் போப் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஓர் இரவில் பேலியல் கல்லூரி முற்றத்தில் ஜோவெட்டுடன் உரையாடிக்கொண்டிருந்தார். திருவாசகத்தை மொழிபெயர்த்து வெளியிட வேண்டும் என்று ஜோவெட் வற்புறுத்தினார். முடிக்கும்வரை தாம் உயிரோடு இருப்போமோ என்று போப் தயங்கினார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்றும், அதை முடிக்கும்வரை நீர் வாழ்வீர் என்றும் ஜோவெட் விடையளித்தார். சொன்னவர் நூலைக் காணாமலே மறைந்தார். கேட்டவர் நூலை முடித்து, மேலும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். இருவரும் இன்று செபல்கர் தோட்டத்தில் உள்ளனர்.

1906 இல் அரசக ஆசியக் கழகம் போப்புக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. 1908 பிப்ரவரியில், எண்பத்தெட்டாம் அகவை நிறைவதற்கு இரண்டு திங்கள் எஞ்சியிருந்த நிலையில், அவர் உயிர் நீத்தார்.

கேட்ட செய்தியும் கண்ட கல்லும்

போப்பைப் பற்றித் தமிழ்நாட்டில் அறியாதார் இலர் என்னும் அளவுக்குப் பரவிய செய்தி ஒன்று உண்டு. தம் கல்லறையில் தம்மைத் 'தமிழ் மாணவன்' என்று பொறிக்குமாறு அவர் விருப்ப முறி எழுதினார் என்பது அது. மேடைகளில் முழங்கப்பட்டது, கட்டுரைப் போட்டிகளில் எழுதப்பட்டது, சிறுவர் நூல்களில் அச்சேறியது. கல்லறை எழுப்பும் செலவில் ஒரு பகுதி தமிழ் மக்களின் நன்கொடையாக இருக்க வேண்டும் என்றும், தம் உடலோடு திருக்குறளையும் திருவாசகத்தையும் வைக்க வேண்டும் என்றும் அவர் விரும்பியதாக இதனுடன் சேர்த்துக் கூறுவதும் உண்டு.

செபல்கர் தோட்டத்தில் உள்ள கல்லில் 'தமிழ் மாணவன்' என்னும் தொடர் இல்லை.

இதைக் கேட்டதும் மனம் சற்று வருந்தக்கூடும். நெடுநாள் போற்றிய ஒன்று கையைவிட்டு நழுவுவதுபோல் தோன்றும். எனினும் கல்லில் என்ன இல்லை என்பதோடு நின்றுவிடாமல், என்ன இருக்கிறது என்பதையும் படிக்க வேண்டும். கல்வெட்டு ஆங்கிலத்தில் அமைந்தது. முதலில் போப்பின் முழுப்பெயரும் சமயப் பட்டமும் உள்ளன. அடுத்து, அவர் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று உள்ளது. அதன் பின்னரே பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்த விரிவுரையாளர் என்பதும், பேலியல் கல்லூரியின் குரு என்பதும் இடம்பெறுகின்றன. கீழ்த்திசை இலக்கியத்திற்கும் தத்துவத்திற்கும் வாழ்நாள் முழுதும் அவர் ஆற்றிய உழைப்பைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் அக்கல்லை அங்கு வைத்தனர் என்று கல்வெட்டு கூறுகிறது.

இரண்டு செய்திகள் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கன. கனடாவில் பிறந்து, இங்கிலாந்தில் வளர்ந்து, வாழ்வின் கடைசிக் கால் நூற்றாண்டை ஆக்ஸ்போர்டில் கழித்த ஒருவரைத் தென்னிந்தியாவைச் சேர்ந்தவர் என்று அவருடைய சொந்த ஊராரே படிக்கும்படி எழுதி வைத்திருக்கின்றனர். பிறந்த ஊரையோ புகழ்பெற்ற கல்லூரியையோ முதலில் கூறவில்லை. மற்றொன்று, தமிழரின் பங்களிப்பு. கல்லறைச் செலவில் தமிழர் பங்கு இருக்க வேண்டும் என்று வழங்கும் செய்திக்கு உண்மையான அடிப்படை உண்டு. தமிழர்கள் அக்கல்லை நாட்டியதில் பங்கு கொண்டனர் என்பதற்குக் கல்லே சான்று. செய்தி வாய்மொழியாகப் பரவும்போது நிகழ்ந்தது விருப்பமாகவும், விருப்பம் விருப்ப முறியாகவும் வளர்ந்திருத்தல் கூடும்.

'தமிழ் மாணவன்' என்னும் தொடருக்கு மட்டும் வேர் இல்லையா? திருவாசக முன்னுரையை மீண்டும் திறந்தால் விடை கிடைக்கிறது. அம்முன்னுரைக்குப் போப் இட்ட நாள் 1900 ஏப்ரல் 24. அவருடைய எண்பதாம் பிறந்தநாள். அன்று தம் வாழ்வைத் திரும்பிப் பார்க்கும் அவர், தாம் இந்தியாவில் கழித்த ஆண்டுகளைக் கணக்கிடவில்லை; எழுதிய நூல்களை எண்ணவில்லை. தம் முதல் தமிழ்ப் பாடம் 1837 இல் நடந்தது என்று குறிப்பேட்டைப் பார்த்து எழுதுகிறார். தமிழ்க் கல்விக்கு ஒப்படைத்த நீண்ட வாழ்வு இத்துடன் நிறைவுறுகிறது என்று உணர்ச்சியோடு முடிக்கிறார். அறுபத்துமூன்று ஆண்டுகளுக்கு முந்தைய முதல் பாடத்தைத் தொடக்கப் புள்ளியாகக் கொள்வது மாணவர் ஒருவரின் கணக்கு. கல்லில் தேடிக் கிடைக்காத கருத்து, அவர் கைப்பட எழுதிய பக்கத்தில் இருக்கிறது. கல்லைப் போலவே அதுவும் சான்றுதான். எவரும் நூலகத்தில் எடுத்துப் பார்க்கக்கூடிய சான்று.

கல்லைப் படிக்கும் முறை

கல்லில் இருப்பது எல்லாம் அப்படியே உண்மை என்று கொள்வதும் பொருந்தாது. கல் இடம் மாறும். சென்னையில் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, பின்னாளில் சட்டக்கல்லூரி அமைந்த இடத்தில் இருந்தது. 1758–59 இல் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயர்ந்த கல்லறைக் கட்டடங்கள் பகைவர்க்கு மறைவிடமாயின. முற்றுகை நீங்கியதும் ஆங்கிலேயர் அவற்றை இடித்துவிட்டு, எழுத்துப் பொறித்த கற்களை மட்டும் கொண்டுவந்து கோட்டைக்குள் புனித மேரி ஆலயத்தைச் சுற்றித் தளமாகப் பதித்தனர். இன்று அங்கே கற்கள் உள்ளன. அவற்றுக்கு உரியோரின் உடல்கள் அங்கில்லை. பழைய இடத்தில் விட்டுவைக்கப்பட்டவற்றுள், ஆளுநராக இருந்த எலிகு யேலின் சிறுவயது மகனுடைய நினைவுச் சின்னமும் ஒன்று.

கல்லில் உருவங்களும் பேசும். விக்டோரியா காலக் கல்லறைகளில் பாதியில் முறிந்த தூண் காணப்பட்டால், இளமையில் முடிந்த வாழ்வு என்று பொருள். துணி போர்த்திய தாழியின் உருவம் துயரைக் குறிக்கும். அது பழங்கிரேக்க, உரோமானிய வழக்கிலிருந்து கடன் பெற்றது; எரித்த சாம்பலை இடும் கலம் அது. ஆக்ஸ்போர்டில் அடக்கம் செய்யப்பட்டோர் எவரையும் தாழியில் இட்டுப் புதைக்கவில்லை. தாழியில் இட்டுப் புதைத்தோர் தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரில் வாழ்ந்தனர். அங்குப் பரந்து கிடந்த முதுமக்கள் தாழிகளை 1876 இல் ஜெர்மானியரான ஜாகோர் என்பவர் முதன்முதலில் அகழ்ந்து பார்த்தார். கல் நடுவதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனப் படிநிலைகளாக வகுத்துக் கூறும் தொல்காப்பியம், கல்லைத் தேர்வதையே முதற்படியாக வைக்கிறது. எந்தக் கல், எவர் நட்டது, எதை எழுதினர் என்னும் வினாக்கள் அன்றும் இன்றும் ஒன்றே.

> தெரியுமா?
> ஐரோப்பாவிலிருந்து வந்து தமிழுக்கு உழைத்தோர் பலர் இம்மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டனர். சீகன்பால்கு 1719 இல் தரங்கம்பாடியில் மறைந்து, அங்கே தாம் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தில் அடக்கமானார். கால்டுவெல் 1891 இல் கொடைக்கானலில் மறைந்தார். அவர் உடல் இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்றுச் சிறந்த ராக்லண்டு என்னும் சமயப் பணியாளர் 1858 அக்டோபரில் சிவகாசியில் இறந்தார். அப்போது சிவகாசி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது.

தோட்டத்தின் இன்றைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிவதற்குள் செபல்கர் தோட்டமும் நெருக்கடிக்கு உள்ளாயிற்று. நகரத்தார் இன்னும் வெளியே சென்று புதிய கல்லறை நிலங்களை வாங்கினர். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் இங்கே அடக்கம் செய்வது பெரும்பாலும் நின்றுபோயிற்று. நடுவில் இருந்த சிறு வழிபாட்டுக்கூடம் இப்போது இல்லை. ஐவி என்னும் கொடி கற்களைப் போர்த்தது. சிலுவைகள் சாய்ந்தன, பல கற்களில் எழுத்துகள் பொரிந்து உதிர்ந்தன. இங்கிலாந்தில் கல்லறைக்குப் பயன்படும் சில மணற்கற்கள், சுண்ணாம்புக் கற்கள் ஆகியவை மழையிலும் பனியிலும் நூறாண்டுகூடத் தாங்குவதில்லை. நம் ஊர்க் கருங்கல்லில் ஆயிரம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் படித்துப் பழகிய நமக்கு இது வியப்பாக இருக்கும்.

அண்மைக் காலத்தில் அப்பகுதி மக்கள் நண்பர் குழுவாகக் கூடித் தோட்டத்தைத் துப்புரவு செய்யத் தொடங்கினர். அவர்கள் செய்த பணியுள் சிறந்தது புல் வெட்டியது அன்று. கல்லில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, ஆலயப் பதிவேடு, மக்கள்தொகைக் கணக்கு, பழைய செய்தித்தாள் ஆகியவற்றோடு ஒப்பிட்டு, அந்த மனிதர் யார், எங்கே வாழ்ந்தார், என்ன தொழில் செய்தார் என்று எழுதி வைத்தனர். கல்லூரித் தலைவருக்கு எழுதிய அதே பொறுமையோடு கடைக்காரருக்கும் சமையற்காரருக்கும் எழுதினர். போப்பின் கல்லில் உள்ள சொற்கள் முழுமையாகவும் பிழையின்றியும் அறியக் கிடைப்பது அத்தகைய உழைப்பினால்தான்.

தமிழ்நாட்டில் போப்புக்குச் சிலை எடுத்தோம். 1968 இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட சிலைகளுள் அவருடையதும் ஒன்று. சாலையில் செல்வோர் அனைவரும் காணும் இடத்தில் அது நிற்கிறது. வால்டன் தெருக் கல்லைக் காண்பதற்கோ தெருவிலிருந்து ஒரு குறுகிய வழியே உள்ளே சென்று, மரங்களுக்கும் சாய்ந்த சிலுவைகளுக்கும் இடையே தேட வேண்டும். ஆக்ஸ்போர்டு செல்லும் தமிழர்கள் தேடித்தான் செல்கின்றனர். 'தமிழ் மாணவன்' என்னும் தொடரை எதிர்பார்த்துச் சென்று, அது இல்லாததைக் கண்டு, பின்பு குனிந்து, தென்னிந்தியாவில் உள்ள தமிழ் நண்பர்கள் என்னும் வரியைப் படிக்கின்றனர்.